வீட்டில் தைக்கும் தார்ப்பாய்: விருதுநகர், சிவகாசி வட்டாரத்தை முன்வைத்து

சுவரும் தரையும் இல்லாமல், கயிறும் கம்பும் கொண்டு இழுத்துக் கட்டப்படும் ஒற்றைத் துணிக் கூரையே தார்ப்பாய். லாரிச் சரக்கை மூடவும், களத்தில் காயும் வத்தலை மழையிலிருந்து காக்கவும், சாலையோரக் கடைக்கு நிழல் தரவும் விருதுநகர் மாவட்டத்தில் நாள்தோறும் விரிக்கப்படும் இந்தப் பொருளை, மலையேறுபவர் முதுகில் சுமக்கத்தக்க அரைக் கிலோ எடைக்குக் கொண்டுவர முடியுமா, அதைத் தொழிற்கூடத்தின் உதவியின்றி வீட்டுத் தையல் இயந்திரத்திலேயே தைத்துவிட முடியுமா என்ற கேள்விகளுக்கு உலகின் பல பகுதிகளில் பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் நெடும்பயண நடையாளர் ரே ஜார்டின் 1990களில் எழுதிய நூல்களும், அவர் விற்ற துணித் தொகுப்புகளும், கூடாரத்தை விட்டுவிட்டுத் தாமே தைத்த தார்ப்பாயின் கீழ் படுத்துறங்கும் பழக்கத்தைப் பரப்பின. ஆனால் பட்டாசும் தீப்பெட்டியும் வாழ்வாதாரமாக உள்ள ஒரு நிலப்பகுதியில் இந்தக் கேள்வியோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: நீரைத் தடுக்கும் துணி, நெருப்புக்கும் மின்பொறிக்கும் அருகில் எப்படி நடந்துகொள்ளும்? மழையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு பிற நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டுதல்களைச் சிவகாசி வட்டாரத்தில் அப்படியே ஏற்க முடியாது. எந்தத் துணி எந்த இடத்துக்கு என்று முதலில் பிரித்துக்கொண்ட பின்னரே ஊசியில் நூல் கோக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் இந்த மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியே அமைகிறது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டித் தீர்த்துவிடுகிறது. விளைச்சல் உறுதியில்லாத கரிசல் நிலமும், தீக்குச்சியும் மருந்தும் விரைந்து காய்வதற்கு ஏற்ற வறண்ட வெயிலும் சேர்ந்தே, 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலை இங்கே வேரூன்றச் செய்தன. மழை குறைவு என்பதால் மழைக்காப்பு தேவையில்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஆண்டின் பெரும்பகுதியை வெயிலை நம்பியே திட்டமிடும் தொழில்களில், எதிர்பாராத ஒரு மணி நேர மழை செய்யும் சேதம் மழை மிகுந்த ஊர்களில் காண்பதைவிட அதிகம். தீபாவளியும் பருவமழையும் ஒரே மாதத்தில் வந்து மோதுவதும் இவ்வட்டாரத்தின் நிரந்தரத் தலைவலி.

திறந்தவெளியில் இரவு தங்குவது இப்பகுதிக்குப் புதிய பொழுதுபோக்கன்று. அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போட்டு ஊர் ஊராக நகரும் கீதாரிகள், மழைக்காலங்களிலும் வானத்தின் கீழேயே வாழ்ந்தவர்கள். கோணிச்சாக்கின் ஒரு மூலையை மற்றொரு மூலைக்குள் மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் கொங்காணியே கரிசல்காட்டு உழவரின் மழைச்சட்டையாக நெடுங்காலம் இருந்தது. பனையோலையும் சாக்கும் இருந்த இடத்தை இன்று நீலநிறப் பாலித்தீன் விரிப்பும், விளம்பரப் பலகைகளிலிருந்து கழற்றிய பழைய ஃபிளெக்ஸும் பிடித்துக்கொண்டுள்ளன. மறுபுறம், வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி சுந்தரமகாலிங்கம் கோயிலுக்கு அமாவாசை, பௌர்ணமி நாள்களில் ஏறும் பக்தர் கூட்டம், மலையில் திடீரென இறங்கும் மழையை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. 2015 மே மாதம் அங்கே ஓடைகளில் பெருகிய காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தனர். வெள்ளத்தைத் தார்ப்பாய் தடுக்காது. எனினும் நனைந்த உடலோடு குளிர்காற்றில் காத்திருக்கும் முதியவருக்கும் குழந்தைக்கும் ஒரு சிறு துணிக்கூரை எவ்வளவு பெரிய உதவி என்பதை மலையேறிய எவரும் அறிவர்.

மழைத்துணிகளை வரலாற்று வரிசையில் பார்த்தால் முதலில் நிற்பது பருத்திக் கித்தான். இறுக்கமாக நெய்த தடித்த பருத்தித் துணியை மெழுகு, எண்ணெய், உலோக உப்புகள் ஆகியவற்றால் பதப்படுத்தி உருவாக்கும் இவ்வகைத் தார்ப்பாய்க்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 2089 என்ற தரவிதியை வகுத்துள்ளது. இதன் பெரும் வலிமை, நனைந்ததும் பருத்தி இழை உப்பி நெசவின் இடைவெளிகளைத் தானே அடைத்துக்கொள்வதில் உள்ளது. இந்த இயல்பை உச்சம்வரை கொண்டுசென்றது, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மான்செஸ்டரின் ஷெர்லி ஆய்வு நிலையம் உருவாக்கிய வென்டைல் துணி. நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்து, பூச்சு எதுவுமின்றி நெசவினாலேயே நீரைத் தடுத்த அத்துணி, கடலில் விழுந்த பிரிட்டிஷ் விமானிகளின் உயிரைக் காத்தது. மெல்லிய நூல் நூற்பதில் பெயர்பெற்ற ஆலைகளைக் கொண்ட இராஜபாளையமும், மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்கு அறியப்பட்ட சத்திரப்பட்டியும் இதே மாவட்டத்தில் இருக்கும்போது, இப்படியொரு பருத்தி மழைத்துணி இங்கே உருவாக்க முடியாத கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது.

வீட்டளவில் பருத்தியை நீர்விலக்கியாக்க இரண்டு பழைய முறைகள் உள்ளன. ஒன்று, துணியைச் சவர்க்காரக் கரைசலில் ஊறவைத்துப் பிழிந்து, பின்னர் படிகாரக் கரைசலில் முக்குவது. சவர்க்காரமும் படிகாரத்தின் அலுமினியமும் வினைபுரிந்து, நீரில் கரையாத அலுமினியச் சவர்க்காரமாக இழைகளின்மேல் படிகின்றன. இப்படிப் பதப்படுத்திய துணியில் தூறல் முத்துமுத்தாக உருண்டோடும். ஆனால் அடைமழையைத் தாங்காது, நாலைந்து முறை துவைத்தால் பூச்சும் போய்விடும். மற்றொன்று மெழுகு. தீக்குச்சி மரத்தில் தீ விரைந்து பற்றுவதற்காகத் தீப்பெட்டித் தொழிலில் பாரஃபின் மெழுகில் குச்சியை முக்குவதால், சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் இந்த மெழுகு யாருக்கும் அந்நியமான பொருளன்று. உருக்கிய மெழுகைத் துணியில் தேய்த்து, இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் இழைக்குள் இறக்கினால் நல்ல நீர்த்தடுப்பு கிடைக்கும். ஆயினும் இரண்டு காரணங்களால் இம்முறையை இங்கே பரிந்துரைப்பதற்கில்லை. சித்திரை வெயிலில் விரித்துப்போட்ட துணியின் மேற்பரப்பு, காற்றின் வெப்பத்தைக் காட்டிலும் வெகுவாகச் சூடேறுவதால், 50 முதல் 60 டிகிரி அளவில் உருகத் தொடங்கும் பாரஃபின் இளகிப் புழுதியை வாரி ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது காரணம் வெளிப்படையானது: குச்சியில் தீயை வளர்க்கும் அதே மெழுகு, கூரையாகத் தலைக்குமேல் தொங்கும் துணியிலும் தீயை வளர்க்கவே செய்யும்.

கித்தானை ஏறத்தாழ முழுவதுமாக வெளியேற்றியது உயரடர்வுப் பாலிஎத்திலீன் விரிப்பு. பாலிஎத்திலீன் நாடாக்களைப் பாய்போல் நெய்து, இருபுறமும் மெல்லிய பாலிஎத்திலீன் படலத்தை ஒட்டித் தயாரிக்கும் இவ்விரிப்புக்கு ஐ.எஸ். 7903 என்ற தனித் தரவிதி உண்டு. வேளாண்மைத் துறை மானிய விலையில் உழவர்களுக்கு வழங்கும் தார்ப்பாயும், பேரிடர்க் காலங்களில் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற நிவாரண அமைப்புகள் தரும் 4 மீட்டருக்கு 6 மீட்டர் விரிப்பும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மலிவு, கிடைக்கும் வசதி ஆகியவற்றில் இதற்கு நிகரில்லை. ஆனால் ஊசி பட்ட ஒவ்வொரு துளையும் ஒட்டிய படலத்தைக் கிழித்துக்கொண்டே போவதால், தைத்து வடிவமைப்பதற்கு ஏற்றதன்று. மடித்தால் முரட்டுத்தனமாக விறைத்து நிற்பதும் முதுகுச்சுமைக்குப் பொருந்தாது.

வீட்டுத் தையலுக்கு உரியவை பூச்சிட்ட நைலானும் பாலியெஸ்டரும். தமிழ்நாட்டுத் துணிக்கடைகளில் பாராசூட் துணி, குடைத்துணி என்ற பெயர்களில் விற்கப்படும் மெல்லிய துணிகள் இவற்றின் எளிய உறவினர்கள். மலையேற்றத்துக்கென நெய்யப்படும் துணியில் சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை தடித்த இழையொன்றைக் குறுக்கும் நெடுக்குமாக ஓடவிட்டுச் சிறு கட்டங்களாக்கியிருப்பார்கள். கிழிசல் தொடங்கினாலும் அடுத்த கட்டத்தின் எல்லையில் நின்றுவிடும். இழையின் நுண்மையை அளக்கும் அலகு டெனியர்: 9,000 மீட்டர் நீள இழையின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். இராஜபாளையம் ஆலைத் தொழிலாளருக்குப் பழக்கமான கவுண்ட் கணக்கில் சொன்னால், தார்ப்பாய்க்குப் பரவலாகப் பயன்படும் 30 டெனியர் இழை ஏறத்தாழ 177 கவுண்ட் பருத்தி நூலின் நுண்மைக்குச் சமம். நீர்த்தடுப்பை அளப்பது நீர்த்தம்ப உயரத்தால். துணியின்மேல் நிறுத்திய குழாயில் எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அடிப்புறம் கசியத் தொடங்குகிறது என்பதே அந்த எண். கூரையாகக் கட்டும் துணிக்கு 1,500 மில்லிமீட்டர் அளவு போதுமானதாகக் கருதப்படுகிறது.

எடையின் வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. 3 மீட்டருக்கு 3 மீட்டர், அதாவது 9 சதுர மீட்டர் தார்ப்பாயைச் சதுர மீட்டருக்கு 400 கிராம் எடையுள்ள கித்தானில் தைத்தால் 3.6 கிலோ, நனைந்தால் இன்னும் கனக்கும். 120 கிராம் பாலிஎத்திலீன் விரிப்பில் ஏறக்குறைய 1.1 கிலோ. சிலிக்கோன் பூசிய 30 டெனியர் நைலானில், சதுர மீட்டருக்கு 45 கிராம் வீதம், 400 கிராமை ஒட்டி முடிந்துவிடும். கயிறும் முளையும் சேர்ந்தாலும் அரைக் கிலோவைச் சற்றே தாண்டும்.

பூச்சு இருவகைப்படும். பாலியூரித்தேன் பூச்சு மலிவானது, துணியின் ஒருபுறம் மட்டும் பூசப்படுவது, ஒட்டும் நாடாவால் தையலை அடைக்க இடங்கொடுப்பது. ஆனால் வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் ஆண்டுக்கணக்கில் மடித்து வைத்தால் நீராற்பகுப்பு என்ற வேதிவினையால் சிதைந்து, பிசுபிசுத்து, துர்நாற்றம் அடிக்கத் தொடங்கும். தகரக் கூரைக்கடியில் பரணில் போட்டுவைக்கும் பழக்கமுள்ள வீடுகளில் இது விரைவில் நேரும். இருபுறமும் இழைக்குள் ஊறிய சிலிக்கோன் பூச்சு இவ்வகையில் நீடித்துழைப்பது, துணியின் கிழியாத்திறனையும் கூட்டுவது. ஆனால் சிலிக்கோனைத் தவிர வேறெதுவும் அதில் ஒட்டாது. அடிப்படை இழையிலும் தேர்வு உண்டு. நைலான் தன் எடையில் ஏறத்தாழ 4 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்துக்கொள்ளும். மழையில் நீண்டு தொய்வதால் நள்ளிரவில் எழுந்து கயிற்றை மறுபடி இறுக்க நேரும். பாலியெஸ்டர் 0.4 சதவீதமே ஈரம் ஏற்பதால் கட்டியபடி நிற்கும், வெயிலின் புற ஊதாக் கதிரையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். கிழியாத்திறனில் நைலான் முந்துகிறது என்பது உண்மையே. ஆயினும் ஆண்டின் பெரும்பகுதி வெயில் கொளுத்தும் இவ்வட்டாரத்துக்குப் பாலியெஸ்டரே பொருத்தம்.

இதே ஈர அளவுகள்தாம் பட்டாசுத் தொழிலிடத்தில் தலைகீழான தீர்ப்பை எழுதுகின்றன. பருத்தி காற்றிலிருந்து 7 முதல் 8 சதவீதம்வரை ஈரம் ஏற்று வைத்திருப்பதால், உராய்வில் தோன்றும் நிலைமின்னூட்டம் அதன் வழியே மெல்லக் கசிந்து தரைக்குப் போய்விடுகிறது. ஈரத்தை ஏறத்தாழ ஏற்காத பாலியெஸ்டரிலும் பாலிஎத்திலீனிலும் அந்த மின்னூட்டம் தேங்கி நிற்கும். சிலிக்கோன் பூசிய துணியை மடித்து உதறும்போது எழும் சடசடப்பே அதற்குச் சான்று. மனித உடலில் ஏறிய மின்னழுத்தம் 3,000 வோல்ட்டை எட்டும்வரை அதன் பொறியை உடையவரால் பெரும்பாலும் உணரவே முடியாது. ஆனால் அலுமினியத் தூள் கலந்த மருந்துகளில் சில, அப்படி உணர முடியாத சிறு பொறிக்கே தீப்பற்றிவிடும். பட்டாசு ஆலைகளில் தொழிலாளர் பருத்தி உடை உடுத்த வேண்டும் என்று வலியுறுத்தப்படுவதும், மருந்தறைக்குள் நுழையுமுன் தரையிணைப்புள்ள செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகும் நடைமுறையும் இதனால் வந்தவை. நைலான் சேலை நுழையக் கூடாத இடத்தில் பாலியெஸ்டர் கூரை மட்டும் எப்படி நுழையலாம்?

மழைநீரும் மருந்துக்குப் பகைதான் என்பது சிக்கலை இரட்டிப்பாக்குகிறது. அலுமினியத் தூளும் நைட்ரேட் உப்பும் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால், மெதுவாகத் தொடங்கும் வேதிவினை வெப்பத்தை வெளியிட, அவ்வெப்பம் வினையை மேலும் விரைவுபடுத்த, தானாகவே தீப்பற்றும் நிலைவரை அது போகக்கூடும். இதைத் தணிக்கப் போரிக் அமிலத்தைச் சிறிதளவு சேர்ப்பது பட்டாசு வேதியியலில் நிலைபெற்ற வழக்கம். ஆகவே, காயப்போட்ட சரக்கின்மேல் மழை விழாமல் காக்க வேண்டிய அவசரமும், கைக்கெட்டும் நீலவிரிப்பை உதறி மூடக் கூடாது என்ற எச்சரிக்கையும் ஒரே கணத்தில் எதிரெதிராக நிற்கின்றன. இதற்குச் சரியான விடை, நல்ல தார்ப்பாய் தேடுவதன்று. உரிமம் பெற்ற காயவைக்கும் தளமும் நிலையான கூரையுள்ள அறையும் போதிய அளவில் இருக்க வேண்டும், மேகம் திரண்டால் அன்றைய கலவையை நிறுத்தும் ஒழுங்கு வேண்டும்.

இதைச் சற்று அழுத்திச் சொல்லவேண்டிய காரணம் உண்டு. 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி, எந்த அறையில் என்ன வேலை, எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்பது உரிமத்திலேயே வரையறுக்கப்படுகிறது. அறைகளுக்கிடையே விடவேண்டிய தூரமும், ஓர் அறையின் வெடிப்பு அடுத்ததற்குத் தாவாதிருக்கக் கணக்கிட்டு வைக்கப்பட்டது. அனுமதித்த அறைக்கு வெளியே, மரத்தடியிலோ தற்காலிகப் பந்தலின் கீழோ ஆள்களை உட்காரவைத்து வேலை வாங்குவது, விபத்துகளுக்குப் பிந்தைய ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் சுட்டிக்காட்டப்படும் விதிமீறல். நான்கு கம்பும் ஒரு தார்ப்பாயும் இருந்தால் அரைமணி நேரத்தில் எழுந்துவிடும் அந்தப் பந்தல், இடைவெளிக் கணக்கு முழுவதையும் பொய்யாக்கிவிடுகிறது. எளிதில் தைக்கவும் கட்டவும் முடிகிற கூரையைப் பற்றி எழுதும் எவரும், அந்த எளிமையே இவ்வட்டாரத்தில் உயிரைப் பறித்திருக்கிறது என்பதைக் கடந்து போகக் கூடாது. இனி வரும் தையல் முறைகள் யாவும் மலைக்கும் வயலுக்கும் வழிப்பயணத்துக்கும் உரியவை. பட்டாசு வளாகத்தின் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியவை.

தையலைப் பொறுத்தவரை தொடக்கநிலையாளர் பெரும்பாலும் துணியைப் பற்றியே கவலைப்படுகிறார்கள், ஒழுகுவதோ மூட்டுகளில்தான். மலையேற்றத் துணிகள் ஏறக்குறைய 150 சென்டிமீட்டர் அகலத்தில் வருவதால், 3 மீட்டர் அகலத் தார்ப்பாய்க்கு இரண்டு துண்டுகளை மூட்டியே ஆகவேண்டும். 3 மில்லிமீட்டர் இடைவெளியில் தைத்தால், 3 மீட்டர் நீளமுள்ள ஒரு வரிசைத் தையலில் ஏறத்தாழ ஆயிரம் ஊசித்துளைகள் விழும். இரண்டு வரிசைக்கு இரண்டாயிரம். ஆகவே சட்டைக்குப் பழகிய நெருக்கமான தையலை மறந்து, தையல் நீளத்தைக் கூட்டி வைப்பதும், வீடுகளில் வழக்கமாக மாட்டியிருக்கும் 14ஆம் எண் ஊசிக்குப் பதிலாக 9 அல்லது 11ஆம் எண் ஊசியை மாட்டுவதும் முதல் வேலை. பருத்தி நூல் ஈரத்தில் மக்கிவிடும் என்பதால் பாலியெஸ்டர் நூலே தேவை. கித்தானுக்கு மட்டும் இதில் விலக்குண்டு. அங்கே நனைந்து உப்பும் பருத்தி நூல் ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும். குண்டூசி குத்தினால் அதுவும் ஒரு துளை. துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கக் காகிதக் கிளிப்போ துணி உலர்த்தும் கிளிப்போ போதும்.

மூட்டுக்கு உகந்தது, ஆண்கள் சட்டையின் விலாப்புறத்தில் தையற்காரர்கள் போடும் இரட்டை மடிப்புத் தையல். ஒரு துண்டின் விளிம்பு மற்றதைவிட ஒரு சென்டிமீட்டர் அளவு வெளியே நீட்டியிருக்குமாறு அடுக்கி முதல் வரிசையைத் தைத்து, நீட்டிய விளிம்பைக் குட்டை விளிம்பின்மேல் கவித்து மடித்து, முழுவதையும் ஒருபக்கம் சாய்த்து இரண்டாம் வரிசையைத் தைத்தால், வெட்டுமுனைகள் உள்ளே அடங்கி நான்கு அடுக்குத் துணி சுமையைப் பகிர்ந்துகொள்ளும். மடிப்பு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதைத் தைக்குமுன் தீர்மானிக்க வேண்டும்: ஓட்டுக் கூரையில் மேல்வரிசை ஓடு கீழ்வரிசையின்மேல் படிவதுபோல, மடிப்பின் திறந்த வாய் சரிவின் கீழ்நோக்கி இருந்தால் நீர் வழுக்கிப் போய்விடும்; மேல்நோக்கி இருந்தால் மூட்டே வாய்க்காலாகிவிடும். சிலிக்கோன் துணி இயந்திரப் பாதத்தின் கீழ் மேலடுக்கும் கீழடுக்கும் வெவ்வேறு வேகத்தில் வழுக்கிப் போகும் இயல்புடையது. முன்னும் பின்னும் இரு கைகளாலும் துணியை இழுத்துப் பிடித்து, மிதியை மெதுவாக மிதித்துத் தைப்பவருக்கு மூட்டு சுருங்காமல் வரும். இந்த ஒரு வேலைக்கு மின்மோட்டார் பூட்டிய இயந்திரத்தைக் காட்டிலும் காலால் மிதிக்கும் பழைய இயந்திரமே கட்டுக்கடங்கியது.

தைத்து முடித்த மூட்டை அடைப்பது அடுத்த பணி. சிலிக்கோன் துணிக்கு, குளியலறைப் பொருத்துகளுக்கு விற்கும் நிறமற்ற சிலிக்கோன் பசையை மினரல் டர்பன்டைனில் தூரிகை ஓடும் அளவுக்குக் கரைத்து, மூட்டை இழுத்துப் பிடித்த நிலையில் தையல் வரிசைகளின்மேல் மெல்லத் தடவி, ஒருநாள் முழுவதும் காற்றோட்டமான நிழலில் காயவிட வேண்டும். டர்பன்டைன் ஆவி எளிதில் தீப்பற்றும். அடுப்போ ஊதுவத்தியோ அருகில் இருக்கலாகாது. பாலியூரித்தேன் பூச்சுள்ள துணிக்கு அதற்குரிய பசையோ சூட்டில் ஒட்டும் நாடாவோதான் பிடிக்கும். துணியின் தரத்தை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை: மீந்த துண்டைப் பைபோல் குழித்துக் கட்டி, ஒரு சாண் உயரத்துக்கு நீர் ஊற்றி இரவு முழுவதும் தொங்கவிட்டால், கசியும் துணி காலையில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மூட்டையும் இதேபோல் சோதிக்கலாம்.

வடிவமைப்பில் அழகும் பயனும் ஒன்றுசேரும் இடம் முகட்டு வளைவு. இரு கம்புகளுக்கிடையே இழுத்துக் கட்டிய துணியின் முகடு நேர்கோடாக நிற்காது, சிறிதேனும் தொய்யும். நேராக வெட்டிய துணியில் அந்தத் தொய்வு பக்கங்களில் சுருக்கமாக விழுந்து, காற்றில் படபடத்து, நீர் தேங்கும் பள்ளங்களை உண்டாக்கும். தொய்வை முன்கூட்டியே வெட்டில் கொடுத்துவிட்டால் துணி முரசுத்தோல் போல் இறுகி நிற்கும். இருமுனைகளில் பிடித்துத் தொங்கவிட்ட சங்கிலி ஏற்கும் வளைவே இதற்கு உரியது. அவ்வளைவின் சமன்பாட்டை 1691இல் லைப்னிட்சும் ஹைகன்சும் யோகான் பெர்னோலியும் தனித்தனியே கண்டனர். 3 மீட்டர் முகட்டுக்கு 9 சென்டிமீட்டர் தொய்வு ஏற்றது. இவ்வளவு ஆழங்குறைந்த வளைவில் சங்கிலிக் கோடும் பரவளையமும் கண்ணுக்கு வேறுபடா என்பதால் எளிய கணக்கே போதும்: முனையிலிருந்து 37.5 சென்டிமீட்டரில் ஏறத்தாழ 4, 75 சென்டிமீட்டரில் 6.75, நடுவில் 9 சென்டிமீட்டர் என்று சாக்கட்டியால் புள்ளி வைத்து இணைத்து, இரண்டு துண்டுகளிலும் நடுப்பகுதி உட்குழியுமாறு வெட்டி மூட்ட வேண்டும். கணக்கில் விருப்பமில்லாதவர் சுவரில் 3 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணியடித்து மெல்லிய சங்கிலியைத் தொங்கவிட்டு, அதன் நிழலைக் காகிதத்தில் வரைந்துகொள்ளலாம்.

கயிறு கட்டும் இடங்களில் துணியின்மேல் விழும் இழுவிசை முழுவதும் ஒரு புள்ளியில் குவிவதால், மூலைகளிலும் விளிம்பின் நடுவிலும் அதே துணியின் இரண்டு மூன்று அடுக்குகளை வைத்துத் தைத்து, அதன்மேல் கெட்டி நாடாவைக் கண்ணியாக மடித்துப் பொருத்துவது வழக்கம். லாரித் தார்ப்பாயில் அடிக்கும் பித்தளை ஐலெட் வளையத்தை மெல்லிய துணியில் அடித்தால், வளையம் துணியை அறுத்துக்கொண்டு கையோடு வந்துவிடும்.

கட்டும்போது சரிவே காவல். 9 சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது 9 லிட்டர் நீர்; தொய்ந்த இடத்தில் ஒரு சதுர மீட்டரில் 5 சென்டிமீட்டர் உயரம் தேங்கினால் 50 கிலோ. எந்தத் தையலும் அந்தச் சுமைக்குத் தைக்கப்பட்டதன்று. கரிசல் மண் இங்கே தனிச் சோதனை வைக்கிறது: காய்ந்திருக்கையில் பாளம்பாளமாக வெடித்து முளை இறங்காத அளவு இறுகிக் கிடக்கும், இரண்டு மழை விழுந்ததும் களிபோல் இளகி அடித்த முளையைப் பிடிப்பின்றி விட்டுவிடும். எனவே கரிசல் வயலில் முளையை நம்பாமல், மண் நிரப்பிய உரச்சாக்கைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி அதைப் பாதியளவு புதைப்பதே உறுதியானது. மலையடிவாரப் பாறைத்தரையில் அதே வேலையைப் பெருங்கற்கள் செய்யும். சீமைக்கருவேலத்தின் கீழ் விரித்தால் முள் கூரையைச் சல்லடையாக்கிவிடும் என்பதை இவ்வட்டாரத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை.

எங்கே கட்டலாம் என்பதில் சட்டத்தின் எல்லையும் உண்டு. 1988இல் சாம்பல்நிற மலையணிலுக்காக ஏற்படுத்தப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயம், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. செண்பகத்தோப்பும் சதுரகிரியும் சார்ந்த காடுகளில் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவதோ இரவு தங்குவதோ குற்றம். 2018 மார்ச்சில் அண்டை மாவட்டமான தேனியின் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் 20க்கும் மேற்பட்டோர் மாண்டபின், மாநில அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. 2024இல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டம் 40 வழித்தடங்களில் வழிகாட்டியோடு நடக்க இடமளிக்கிறது. காய்ந்த புல்லுள்ள காட்டில் தார்ப்பாயின் கீழ் அடுப்பு மூட்டுவது எந்த அனுமதியின் கீழும் பொறுத்துக்கொள்ளத் தக்கதன்று. நைலானும் பாலியெஸ்டரும் எரிகையில் உருகிச் சொட்டும். அந்தச் சொட்டு தோலில் ஒட்டினால் புண் ஆழமாகும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால், இம்மாவட்டத்தில் இல்லாதது கைத்திறன் அன்று. சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான அரசுத் திட்டம் போன்றவற்றால் தையல் இயந்திரங்கள் சிற்றூர் வீடுகள்வரை சென்றுள்ளன. மருந்தறைக்குச் செல்லாமல் வீட்டிலிருந்தே ஈட்ட விரும்பும் பெண்கள் ஏராளம். நூற்பாலைகள் அருகிலேயே உள்ளன. இல்லாதது பூச்சிட்ட மெல்லிய துணி. அது வெளியிலிருந்தே வரவேண்டியுள்ளது, சில்லறையில் அரிதாகவே கிடைக்கிறது. 2020இல் ஒன்றிய அரசு 1,480 கோடி ரூபாயில் அறிவித்த தேசியத் தொழில்நுட்ப ஜவுளி இயக்கமும், 2023இல் விருதுநகருக்கு அறிவிக்கப்பட்டு இ.குமாரலிங்கபுரத்தில் இடம் ஒதுக்கப்பட்ட பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காவும் ஏற்றுமதி ஆடைகளோடு நின்றுவிடாமல், பூச்சிடும் ஆலை ஒன்றுக்கு இடம் தந்தால் இந்தக் குறை தீரும். அப்படி ஓர் ஆலை வரும்போது அதனிடம் இரண்டு துணிகளைக் கேட்க வேண்டும்: மலைக்கும் வயலுக்கும் சிலிக்கோன் பூசிய பாலியெஸ்டர்; தீப்பெட்டி, பட்டாசு ஊர்களின் வீடுகளுக்கும் தெருக்களுக்கும், மின்னூட்டம் தேக்காத, தீத்தடுப்புப் பதமிட்ட, இறுக நெய்த பருத்தி. முதலாவதை உலகில் பல ஆலைகள் தருகின்றன. இரண்டாவதன் தேவையை அறிந்தவர்கள் சிவகாசியைச் சுற்றி வாழ்பவர்கள். அதற்கான நூலை நூற்கத் தெரிந்தவர்கள் இருபத்தைந்து முப்பது கிலோமீட்டர் தொலைவில் இராஜபாளையத்தில் இருக்கிறார்கள்.